கிடங்கில் விழுந்த தொழிலகப் பேட்டரியை மீட்டெடுத்தல்

தொழிலகப் பேட்டரியை மீட்டெடுத்தல் என்பது, கிடங்கிலோ தொழிற்கூடத்திலோ தவறி விழுந்த அல்லது கவிழ்ந்த கனமான பேட்டரியை, ஆட்களுக்குக் காயம் ஏற்படாமல் நிமிர்த்தி, அப்புறப்படுத்தி, இடத்தைத் தூய்மை செய்யும் பணியாகும். பார்வைக்கு இது ஒரு பாரம் தூக்கும் வேலைபோலத் தெரியும். ஆனால் விழுந்த பேட்டரியில் எடை, அமிலம், மின்சாரம், எரியும் வாயு ஆகிய நான்கு ஆபத்துகள் ஒரே நேரத்தில் உள்ளன. ஆகவே எந்த ஆபத்தை முதலில் நீக்குவது, எதை அடுத்து நீக்குவது என்ற வரிசையே இப்பணியின் அடிப்படை. பேட்டரியைத் தூக்குவது அந்த வரிசையில் ஏறக்குறைய கடைசியில்தான் வருகிறது.

பயன்படும் இடங்கள்

கார், இருசக்கர வாகனப் பேட்டரிகளை ஒருவரே தூக்கிவிடலாம். தொழிலகப் பேட்டரிகள் அப்படியானவை அல்ல. மின்சாரத்தால் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் 48 வோல்ட் பேட்டரி, இரும்புப் பெட்டிக்குள் அடுக்கப்பட்ட 24 மின்கலன்களைக் கொண்டது. அதன் எடை ஏறத்தாழ 1 டன் வரை இருக்கும். கைப்பேசிக் கோபுரங்கள், துணை மின்நிலையங்கள், மருத்துவமனைகள், இரயில் பெட்டிகள் ஆகியவற்றிலும் பெரிய பேட்டரித் தொகுதிகள் பயன்படுகின்றன.

விழுப்புரம் மாவட்டத்தின் கண்டமங்கலம், விழுப்புரம்–புதுச்சேரி நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. அதே சாலையில் புதுச்சேரிப் பகுதியான திருபுவனையிலும், சற்றுத் தொலைவில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் ஆகிய இடங்களிலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. இத்தகைய பகுதிகளின் கிடங்குகளில் பேட்டரி இரண்டு வகையில் இருக்கக்கூடும். ஒன்று, விற்பனைக்கோ நிறுவுவதற்கோ வந்து இறங்கும் சரக்கு. மற்றொன்று, கிடங்கில் ஓடும் வண்டியின் உள்ளே இருக்கும் பேட்டரி. முதல் வகையைக் கையாள்பவர்கள் பெரும்பாலும் சுமைதூக்கும் தொழிலாளர்கள். நெல் மூட்டையும் சிமென்ட் மூட்டையும் தூக்கிப் பழகிய அவர்களுக்குப் பேட்டரியின் எடை தெரியும். அதன் மற்ற மூன்று ஆபத்துகளை யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

விழுவதற்கான காரணங்கள்

பெரும்பாலான விழுதல்கள் நான்கு சூழல்களில் நேர்கின்றன.

1. வண்டியிலிருந்து பேட்டரியை மாற்றும்போது, உருளைத் தாங்கியின் தடுப்புக் கொக்கி போடப்படாமல் பேட்டரி நழுவுதல்.
2. உளுத்துப்போன மரப் பலகைத் தட்டு, அதாவது பேலட், பாரம் தாங்காமல் உடைதல்.
3. லாரியிலிருந்து இறக்கும்போது ஃபோர்க்லிஃப்டின் முள்கள் பாரத்தின் நடுவில் அமையாமல் பேட்டரி சாய்தல்.
4. அமிலம் பட்டு வலுவிழந்த பட்டையோ கயிறோ தூக்கும்போது அறுதல்.

விழுதலின் வேகத்தை எளிய கணக்கால் அறியலாம். 1,000 கிலோ எடையுள்ள பேட்டரி அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையில் வெளிப்படும் ஆற்றல் 1,000 × 9.8 × 0.5 = 4,900 ஜூல். இது 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். முழங்கால் உயரத்திலிருந்து விழுந்த பேட்டரிக்குள்ளும் கலன்கள் உடைந்திருக்கலாம் என்று கருத வேண்டியதற்கு இதுவே காரணம்.

நான்கு ஆபத்துகள்

எடை: 1 டன் பேட்டரியை நான்கு பேர் நிமிர்த்த முயன்றால், முழு எடையும் கைக்கு வரும் நிலையில் ஒருவருக்கு 250 கிலோ விழும். "ஆளுக்கொரு கை கொடுத்தால் நிமிர்த்திவிடலாம்" என்ற எண்ணம் தவறானது. பாதி நிமிர்ந்த பேட்டரி திரும்பிச் சாயும்போது, கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது.

அமிலம்: 1859 இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய–அமில மின்கலனே இன்றும் பெரும்பாலான தொழிலகப் பேட்டரிகளின் அடிப்படை. முழுதும் மின்னேற்றப்பட்ட கலனில் உள்ள நீர்த்த கந்தக அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.28. இதில் எடைப்படி சுமார் 37 விழுக்காடு கந்தக அமிலம் இருக்கும். இது கண்ணில் பட்டால் பார்வை பறிபோகலாம். பருத்தித் துணியில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. நேரம் ஆக ஆக நீர் ஆவியாகி அமிலம் செறிவடையும். பின்னர் துணி ஓட்டையாகும்.

மின்சாரம்: பேட்டரிக்கு அணைக்கும் சுவிட்சு கிடையாது. தரையில் கவிழ்ந்து கிடக்கும்போதும் அதன் முனைகளில் மின்னழுத்தம் இருக்கும். 2 வோல்ட் கலன் ஒன்றின் உள்மின்தடை 0.5 மில்லி ஓம் என்று கொண்டால், அதன் இரு முனைகளையும் ஒரு கடப்பாரை இணைக்கும்போது, தொடும் இடங்களின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 2 ÷ 0.0005 = 4,000 ஆம்பியர் மின்னோட்டம் பாயக்கூடும். இரும்பு உருகித் தெறிப்பதற்கு இது போதும். கையில் மோதிரம் இருந்தால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

வாயு: மின்னேற்றத்தின் இறுதிக் கட்டத்தில் கலனில் உள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவருகின்றன. அந்த நிலையில் 1 ஆம்பியர்-மணி மின்னோட்டத்துக்கு ஒரு கலனிலிருந்து சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகும். 24 கலன்கள் கொண்ட பேட்டரியில் 10 ஆம்பியர் 1 மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 100 லிட்டர் சேரும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றும். நிறமோ மணமோ இல்லாததால் மூக்கால் கண்டுபிடிக்கவும் முடியாது. 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடற்படையின் சிந்துரக்சக் நீர்மூழ்கியின் பேட்டரி அறையில் வெடிப்பும் தீயும் ஏற்பட்டு மாலுமி ஒருவர் உயிரிழந்தார். பேட்டரி வால்விலிருந்து ஹைட்ரஜன் கசிந்ததே காரணமெனக் கடற்படை அதிகாரிகள் தெரிவித்தனர்.

முதல் சில நிமிடங்கள்

பேட்டரி விழுந்தவுடன் செய்ய வேண்டியவை கீழ்வரும் வரிசையில் அமைகின்றன.

1. அருகில் இருப்பவர்கள் விலக வேண்டும். விழுந்த பேட்டரியைப் பிடிக்கவோ தாங்கவோ ஒருவரும் முயலக்கூடாது.
2. யாராவது அடியில் சிக்கியிருந்தால் 108 அவசர ஊர்திக்கும் 101 தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்கும் உடனே சொல்ல வேண்டும். பேட்டரி மேலும் சரியாதபடி இருபுறமும் மரக்கட்டைகளை அண்டக் கொடுக்க வேண்டும்.
3. கதவு, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். பீடி, சிகரெட், வெல்டிங், அரைக்கும் இயந்திரம் அனைத்தும் நிறுத்தப்பட வேண்டும். அருகிலுள்ள விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளைப் போடவோ அணைக்கவோ கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறியும் ஹைட்ரஜனைப் பற்றவைக்கும்.
4. பேட்டரி மின்னேற்றியோடு இணைந்திருந்தால், தொலைவிலுள்ள முதன்மைச் சுவிட்சில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மின்னோட்டம் பாயும்போது பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறக்கும்.
5. அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பொறுப்பாளர் ஒருவரைத் தவிர மற்றவர்களை வெளியேற்ற வேண்டும்.

இதற்குப் பிறகு காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதியே. பேட்டரி ஏற்கெனவே சேதமாகிவிட்டது. பத்து நிமிடம் தாமதித்தால் அதன் விலை குறையப் போவதில்லை. அந்த நேரத்தில் வாயு கலைந்துவிடும், பேட்டரியின் வகையையும் அறிந்துகொள்ளலாம், தேவையான கருவிகளும் வந்து சேரும்.

வகையை அறிதல்

பேட்டரியின் வகை தெரியாமல் அதன்மேல் எதையும் கொட்டக்கூடாது. சரக்குப் பெட்டியிலோ அதனுடன் வரும் ஆவணத்திலோ உள்ள ஐக்கிய நாடுகள் அமைப்பின் எண் இதற்கு உதவும்.

யு.என். 2794: அமிலம் நிரம்பிய ஈரப் பேட்டரி.
யு.என். 2795: காரம் நிரம்பிய பேட்டரி. நிக்கல்–காட்மியம் வகை இதில் அடங்கும்.
யு.என். 2800: சிந்தாத வகை. இதில் அமிலம் கண்ணாடியிழைப் பஞ்சிலோ களியிலோ ஊறியிருக்கும்.
யு.என். 3480: லித்தியம் அயனிப் பேட்டரி.

காரப் பேட்டரியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ளது. அதன்மேல் சமையல் சோடாவைக் கொட்டுவதால் பயன் இல்லை. அதற்கு போரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலமே ஏற்றது. நீல லிட்மஸ் தாள் சிவந்தால் அமிலம், சிவப்புத் தாள் நீலமானால் காரம் என்ற பள்ளிப் பாடம் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

சிந்திய அமிலத்தைச் சமனாக்கல்

பணியில் இறங்குபவர் அமிலம் தாங்கும் ரப்பர் கையுறை, முகம் முழுதும் மறைக்கும் கவசம், ரப்பர் மேலாடை, ரப்பர் பூட்ஸ் ஆகியவற்றை அணிய வேண்டும். கால்சட்டையின் விளிம்பு பூட்சுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் அமிலம் பூட்சுக்குள் இறங்கிவிடும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, வெள்ளி அரைஞாண் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும்.

முதலில், சிந்திய அமிலம் சாக்கடைக்குப் போகாதபடி உலர்ந்த மணலால் வரப்புக் கட்ட வேண்டும். மரத்தூள் இதற்கு ஏற்றதல்ல. அது அமிலத்தால் கருகும், எரியவும் கூடும். பின்னர் சமையல் சோடாவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். நுரைப்பது நின்று, லிட்மஸ் தாள் சிவப்பதும் நின்றால் அமிலம் சமனாகிவிட்டது என்று பொருள்.

தேவைப்படும் சோடாவின் அளவைக் கணக்கிடலாம். 1 லிட்டர் மின்பகுளியின் எடை 1,280 கிராம். அதில் 37 விழுக்காடு, அதாவது சுமார் 474 கிராம், கந்தக அமிலம். 98 கிராம் கந்தக அமிலத்துக்கு 168 கிராம் சோடா வேண்டும். எனவே 1 லிட்டருக்கு ஏறத்தாழ 812 கிராம் தேவை. மூன்று கலன்கள் உடைந்து, கலனுக்கு 6 லிட்டர் வீதம் 18 லிட்டர் சிந்தினால் சுமார் 15 கிலோ சோடா வேண்டும். மளிகைக் கடைப் பொட்டலங்கள் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு "சோடா இருப்பு உள்ளது" என்று பதிவேட்டில் எழுதுவது போதாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு லிட்டரும் சமனாகும்போது ஏறத்தாழ 235 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். 18 லிட்டருக்கு அது 4,000 லிட்டரைத் தாண்டும். ஹைட்ரஜன் மேலே கூரையை நோக்கிச் செல்லும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானதால் தாழ்வான இடத்தில் தங்கும். ஆகவே லாரி நிற்கும் பள்ளம், பழுதுபார்க்கும் குழி போன்ற இடங்களில் குனிந்தபடி இந்த வேலையைச் செய்யக்கூடாது.

தூக்கி நிமிர்த்துதல்

அமிலம் சமனான பிறகே தூக்கும் வேலை தொடங்குகிறது. பேட்டரியின் வெளியே தெரியும் முனைகளை உலர்ந்த ரப்பர் விரிப்பால் மூட வேண்டும். கடப்பாரை, இரும்புக் குழாய், ஃபோர்க்லிஃப்டின் முள் ஆகியவற்றால் நெம்பக்கூடாது. முள்ளின் நுனி கலனைத் துளைத்தால் மேலும் அமிலம் சிந்தும், குறுக்குச்சுற்றும் ஏற்படும்.

பாரத்தை இரும்புப் பெட்டியில் இதற்கென உள்ள துளைகளிலோ காதுகளிலோ மட்டுமே பிணைக்க வேண்டும். முனைகளிலும் கலன்களை இணைக்கும் கம்பிகளிலும் கொக்கி மாட்டக்கூடாது. மின்காப்பு செய்யப்பட்ட தூக்கு விட்டம் ஒன்றைப் பயன்படுத்துவதே சரியான முறை. அதன் காரணத்தையும் கணக்கால் காணலாம். 1,000 கிலோ பாரத்தை இரண்டு சங்கிலிகள் நேர்செங்குத்தாகத் தூக்கினால் ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கும். இரண்டும் ஒரே கொக்கியில் சேர்ந்து, செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றும் 1,000 கிலோ தாங்க வேண்டும். அதோடு பெட்டியின் இரு பக்கங்களும் சுமார் 866 கிலோ விசையால் உள்நோக்கி நெருக்கப்படும். விழுந்தபோது தப்பிய கலன்களும் இந்த நெருக்கலில் உடைந்துவிடலாம். தூக்கு விட்டம் இருந்தால் சங்கிலிகள் நேராக இருக்கும்.

செயின் பிளாக்கைக் கொண்டு மெல்ல இழுத்து, பேட்டரி சில சென்டிமீட்டர் எழுந்ததும் நிறுத்திப் பார்க்க வேண்டும். எழுந்த அளவுக்கு அடியில் மரக்கட்டை வைத்துக்கொண்டே செல்ல வேண்டும். கட்டையைக் கையால் தள்ளாமல் ஒரு கோலால் தள்ள வேண்டும். பேட்டரி சாயக்கூடிய பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. இரும்புப் பெட்டியே உடைந்திருந்தால் முழுதாகத் தூக்காமல், பயிற்சி பெற்றவர் இணைப்புகளைக் கழற்றி, கலன்களை ஒவ்வொன்றாக எடுத்து நெகிழித் தொட்டியில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

அமிலம் பட்ட நைலான் பட்டையை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. நைலான் அமிலத்தால் வலுவிழக்கும். உயர்வலிமை எஃகுச் சங்கிலியும் அமிலம் பட்டால் வெளியே தெரியாமல் நொறுங்கும் தன்மையை அடையலாம்.

லித்தியம் பேட்டரியில் உள்ள வேறுபாடு

லித்தியம் அயனிப் பேட்டரியில் அமிலம் சிந்தாது. ஆனால் நசுங்கிய கலன் உள்ளுக்குள் சூடேறி, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தும் தீப்பிடிக்கலாம். எனவே நிமிர்த்தியவுடன் வேலை முடிந்துவிடாது. அதைக் கட்டடத்துக்கு வெளியே, பிற பொருள்களிலிருந்து தள்ளி வைத்துக் கண்காணிக்க வேண்டும். புகை, வீக்கம், சீறும் ஒலி, இனிப்பான நெடி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அனைவரும் உடனே வெளியேற வேண்டும். தென்கொரியாவின் குவாசோங் நகரில் 2024 ஜூன் 24 அன்று லித்தியம் பேட்டரி ஆலை ஒன்றில் அடுக்கி வைத்திருந்த பேட்டரிகள் வெடித்ததில் 23 பேர் இறந்தனர். முதல் புகை எழுந்து ஒரு நிமிடத்துக்குள் அறை முழுதும் இருண்டுவிட்டது.

முதலுதவி

அமிலம் கண்ணில் பட்டால், இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் நல்ல தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கழுவி முடித்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கழுவாமல் வண்டியில் ஏற்றினால், பயண நேரம் முழுவதும் அமிலம் கண்ணை அரித்துக்கொண்டிருக்கும். உடலில் பட்டால் ஆடையைக் களைந்து நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தரையில் தூவும் சோடாவைக் கண்ணிலோ தோலிலோ போடக்கூடாது. அதனால் காயம் மோசமாகலாம். கண்டமங்கலம் பகுதியினருக்கு ஒருபுறம் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மறுபுறம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் உள்ளன.

மீட்ட பின்

நிமிர்த்திய பேட்டரி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உடனே மின்னேற்றக்கூடாது. உள்ளே தகடுகள் இடம்பெயர்ந்து, அவற்றுக்கு இடையிலுள்ள தடுப்புத் தாள் கிழிந்திருக்கலாம். ஓய்வில் இருக்கும் நல்ல கலன் சுமார் 2.1 வோல்ட் காட்டும். மற்றவற்றைவிட மிகக் குறைவாகக் காட்டும் கலன் பழுதானது. உற்பத்தியாளரோ தகுதி பெற்ற பணியாளரோ சோதித்த பிறகே பேட்டரியைப் பயன்படுத்தலாம்.

உடைந்த கலன்களைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் வழக்கம் ஆபத்தானது. உரிய வசதியின்றி ஈயத்தை உருக்கும்போது அதன் புகையும் தூளும் அக்கம்பக்கத்து மண்ணில் படிகின்றன. குழந்தைகளுக்குத் தீங்கற்ற ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. 2022 ஆகஸ்டில் இந்திய அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2001 ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்தவை. அவற்றின்படி பழைய பேட்டரிகளைப் பிற குப்பையிலிருந்து பிரித்து, சேகரிப்போரிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். சமனாக்கிய மணலிலும் சோடாவிலும் ஈயம் கலந்திருக்கும் என்பதால் அவற்றையும் தனிப்பையில் கட்டி, ஆபத்தான கழிவாகவே அகற்ற வேண்டும்.

சட்டமும் முன்னேற்பாடும்

ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய அளவு கனமான பாரத்தைத் தூக்கும்படி அவரைப் பணிக்கக்கூடாது என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34 ஆவது பிரிவு கூறியது. பாரந்தூக்கும் இயந்திரங்களையும் சங்கிலிகளையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 29 ஆவது பிரிவு வகுத்தது. இச்சட்டம் 2020 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தில் இணைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இத்தகைய விதிகளை நடைமுறைப்படுத்துகிறது. அமெரிக்காவின் 1910.178 என்ற விதி, பேட்டரி மின்னேற்றும் இடங்களில் சிந்திய அமிலத்தைக் கழுவிச் சமனாக்கும் வசதியும், பேட்டரியைக் கையாள மேல்தூக்கி போன்ற கருவியும் இருக்க வேண்டும் என்கிறது.

சிறிய கிடங்குகளும் செய்யக்கூடிய ஏற்பாடுகள் சில உண்டு. 25 கிலோ சமையல் சோடா, மணல் வாளிகள், இரண்டு பேருக்கான பாதுகாப்பு உடைகள், கண் கழுவும் குழாய், லிட்மஸ் தாள், ரப்பர் விரிப்பு ஆகியவற்றைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காமல் வாசலுக்கு அருகில் வைக்க வேண்டும். விபத்து நேரத்தில் அவற்றை எடுக்க ஆபத்தைக் கடந்து போகும் நிலை வரக்கூடாது. செய்முறை வரிசையை ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். இன்று தமிழ்நாட்டுக் கிடங்குகளில் வடமாநிலத் தொழிலாளர்களும் மிகுதியாகப் பணிபுரிவதால், அது தமிழோடு அவர்கள் படிக்கும் மொழியிலும் இருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும், பாரம் தூக்கும் முன்பே அதை ஒருமுறை படித்து விளக்க வேண்டும்.